ஆகுஸ்ட் தீனெமன்

ஆகுஸ்ட் ஃபிரீட்ரிக் தீனெமன் (செப்டம்பர் 7, 1882 – ஏப்ரல் 22, 1960) செருமானிய விலங்கியலாளரும் சூழலியலாளரும் ஆவார். லிம்னாலஜி எனப்படும் நீர்நிலையியலை, அதாவது ஏரி, குளம், ஆறு, ஊற்று முதலிய உள்நாட்டு நீர்நிலைகளைப் பற்றிய அறிவியலை, தனித்துறையாக நிலைநிறுத்தியவர்களுள் இவர் முதன்மையானவர்.

ஏரியின் அடிச்சேற்றில் வாழும் முதுகெலும்பற்ற சிறு விலங்குகளைக் கொண்டு அந்த ஏரியின் இயல்பை அறிய முடியும் என்பதை இவர் நிறுவினார். ஆழ்நீரில் கோடையின் இறுதியில் எஞ்சியிருக்கும் ஆக்சிசனின் அளவே, அங்கு எந்த விலங்குகள் வாழும், எவை வாழமாட்டா என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பது இவரது முதன்மையான கண்டுபிடிப்பு. இதன் அடிப்படையில் இவர் வகுத்த ஏரி வகைப்பாடு, 20ஆம் நூற்றாண்டின் நீர்நிலையியலுக்கு அடித்தளமாக அமைந்தது.

இளமையும் கல்வியும்

தீனெமன் செருமனியின் தூரிங்கியாப் பகுதியில் உள்ள கோத்தா நகரில் பிறந்தார். கிரைஃப்ஸ்வால்ட், இன்ஸ்புருக், ஐடெல்பெர்க் ஆகிய பல்கலைக்கழகங்களில் இயற்கை அறிவியல் பயின்றார். டிரைகாப்டெரா என்னும் பூச்சி வரிசையே இவரது முதல் ஆய்வுப் பொருளாகும். இப்பூச்சிகளின் குடம்பிகள் மணலையும் சுள்ளிகளையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு நீருக்கடியில் வாழ்பவை. இவற்றின் கூட்டுப்புழுப் பருவத்தைப் பற்றிய இவரது ஆய்வு 1905 இல் வெளிவந்தது.

இதே காலத்தில், பால்டிக் கடலில் உள்ள ரூகன் தீவின் குளிர்ந்த ஊற்றுகளில் ஒரு வகைத் தட்டைப்புழுவை இவர் ஆராய்ந்தார். ஆல்ப்சு மலையின் குளிர்ந்த நீரோடைகளுக்கு உரியதாக அறியப்பட்டிருந்த அப்புழு, தாழ்வான ஒரு தீவில் இருப்பதற்குக் காரணம் என்ன என்ற கேள்வி எழுந்தது. பனியூழிக்காலத்தில் பரந்து வாழ்ந்த அவ்வினம், தட்பவெப்பநிலை உயர்ந்தபின் ஆண்டு முழுவதும் குளிர்ந்திருக்கும் ஊற்றுகளில் மட்டும் எஞ்சியது என்று தீனெமன் விளக்கினார். ஒரு விலங்கு ஓரிடத்தில் இருப்பதும் இல்லாதிருப்பதும் அவ்விடத்தின் சூழல் நிலைமைகளைக் காட்டும் சான்று என்ற எண்ணம் இவரது வாழ்நாள் ஆய்வு முழுவதும் தொடர்ந்தது.

மியூன்ஸ்டர் நகரில் பணி

1907 இல் தீனெமன் வெசுட்ஃபாலியாப் பகுதியின் மியூன்ஸ்டர் நகரில் இருந்த வேளாண்மை ஆய்வு நிலையத்தில் பணியேற்றார். மீன்வளமும் கழிவுநீரும் தொடர்பான உயிரியல் ஆய்வுகள் இவரது பொறுப்பில் இருந்தன. அருகில் இருந்த ரூர் தொழிற்பகுதி விரைவாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. சுரங்கங்களும் ஆலைகளும் ஆறுகளில் விட்ட கழிவினால் மீன்கள் இறப்பது வழக்கமான சிக்கலாக இருந்தது.

இப்பணியின் இடையே சாவர்லாந்து மலையோடைகளின் விலங்குகளையும், வெசுட்ஃபாலியாவின் உப்பு ஊற்றுகளில் வாழும் விலங்குகளையும் பற்றி இவர் ஆய்வுகள் வெளியிட்டார். உப்பு ஊற்றுகளில் மிகச் சில இனங்களே இருந்தன. ஆனால் இருந்த இனங்கள் பெருந்தொகையாக இருந்தன. பின்னாளில் இவர் வகுத்த பொது விதிகளுக்கு இந்த நோக்கு துணைசெய்தது.

மியூன்ஸ்டரில் இருந்தபோதே கைரோனோமிடே என்னும் குடும்பத்தின்மீது இவரது ஈடுபாடு வளர்ந்தது. கொசுவைப் போன்ற தோற்றமுடைய, ஆனால் கடிக்காத சிறு பூச்சிகளைக் கொண்டது இக்குடும்பம். மீன் வளர்ப்போர் இரத்தப்புழு என்று அழைத்து மீன்களுக்கு உணவாக இடும் சிவந்த புழுக்கள் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினத்தின் குடம்பிகளே. அக்காலத்தில் வளர்ந்த பூச்சிகளுக்கு மட்டுமே பெயர் இடப்பட்டிருந்தது. எந்தக் குடம்பி எந்தப் பூச்சியாக மாறும் என்பது பெரும்பாலும் தெரியாதிருந்தது. தீனெமன் குடம்பிகளைச் சேகரித்து வளர்த்து, வெளிவந்த பூச்சிகளை இனம் காண்பதற்காகப் பூச்சியியலாளர் கீஃபர் என்பவருக்கு அனுப்பினார். இவ்வாறு குடம்பியும் பூச்சியும் இணைக்கப்பட்டதால்தான், சேற்றில் கிடைக்கும் குடம்பிகளை வைத்து ஏரிகளை ஒப்பிடுவது இயலக்கூடியதாயிற்று.

ஆய்வின் பின்னணி

ஆழமான ஏரிகளின் அடியில் உயிர்கள் வாழ்வது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தெளிவாக அறியப்படவில்லை. சுவிட்சர்லாந்தின் ஃபிரான்சுவா அல்ஃபோன்சு ஃபொரெல் 1869 இல் செனீவா ஏரியின் ஆழ்சேற்றில் விலங்குகள் வாழ்வதைக் கண்டறிந்தார். நீரில் கரைந்துள்ள ஆக்சிசனை அளப்பதற்கு வின்கிளர் 1888 இல் எளிய வேதிமுறை ஒன்றை வெளியிட்டார். அமெரிக்காவின் விசுகான்சின் மாநில ஏரிகளில் கரைந்துள்ள வளிமங்களைப் பற்றி பெர்ச், சூடே ஆகியோர் எழுதிய விரிவான நூல் 1911 இல் வெளிவந்தது.

மிதவெப்ப நாடுகளின் ஆழமான ஏரிகள் கோடையில் அடுக்குகளாகப் பிரிகின்றன. வெயிலால் சூடேறிய நீர் எடை குறைந்து மேலே மிதக்கிறது. குளிர்ந்து அடர்ந்த நீர் கீழே தங்குகிறது. நீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியசில் மிகவும் அடர்த்தியாக இருக்கும். இரண்டு அடுக்குகளும் கலவாமையால், காற்றிலிருந்து கரையும் ஆக்சிசன் கீழடுக்கைச் சென்றடைவதில்லை. இளவேனிற்காலத்தில் ஏரி முழுவதும் கலந்தபோது கிடைத்த ஆக்சிசனே கீழடுக்கிற்கு இலையுதிர்காலம் வரைக்குமான இருப்பு ஆகும். மேலடுக்கில் இறந்த பாசிகள் அடியில் படிந்து அழுகும்போது இந்த இருப்பு செலவாகிறது. செலவு மிகுந்தால், அடுத்த கலப்பிற்கு முன்பே அடிநீரில் ஆக்சிசன் தீர்ந்துவிடும்.

இச்செய்திகள் தனித்தனியாக அறியப்பட்டிருந்தன. வேதியியல் அளவீடுகளை அடிச்சேற்று விலங்குகளுடன் இணைத்து நோக்கியதே தீனெமனின் பங்களிப்பாகும்.

ஐஃபெல் மலை ஏரிகள்

செருமனியின் மேற்கே ஐஃபெல் மலைப்பகுதியில் மார் என்று அழைக்கப்படும் ஏரிகள் உள்ளன. நிலத்தடி நீரைத் தொட்ட எரிமலைக் குழம்பு வெடித்ததால் உண்டான வட்டமான பள்ளங்களில் நீர் தேங்கி உருவானவை இவை. இவற்றுள் பல ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலேயே அமைந்துள்ளன. ஒரே தட்பவெப்பநிலையும் ஒத்த நிலவியலும் உடைய இவை ஆழத்தில் பெரிதும் வேறுபடுகின்றன. புல்வர்மார் 70 மீட்டருக்கு மேல் ஆழமுடையது. வைன்ஃபெல்டர் மார் சுமார் 50 மீட்டரும், கெமுண்டனர் மார் சுமார் 38 மீட்டரும் ஆழமானவை. சால்கென்மேரனர் மார், ஓல்சுமார், மேர்ஃபெல்டர் மார் ஆகியன ஏறத்தாழ 20 மீட்டரோ அதற்குக் குறைவாகவோ ஆழமுடையவை. சூழலின் விளைவை ஆராய இயற்கையே அமைத்த ஆய்வுக்கூடமாக இவை தீனெமனுக்குப் பயன்பட்டன.

1910 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவர் இந்த ஏரிகளின் அடிச்சேற்றை அள்ளிச் சலித்து விலங்குகளைப் பிரித்தெடுத்தார். பல்வேறு ஆழங்களில் வெப்பநிலையும் ஆக்சிசனும் அளக்கப்பட்டன. ஆழமான, தெளிந்த ஏரிகளின் அடிநீரில் கோடையின் இறுதியிலும் ஆக்சிசன் நிறைந்திருந்தது. ஆழம் குறைந்த ஏரிகளில் அது ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. அடிச்சேற்று விலங்குகளும் இதே எல்லையில் இரண்டாகப் பிரிந்திருந்தன. இந்த முடிவுகளை இவர் 1913 இலும் 1915 இலும் கட்டுரைகளாக வெளியிட்டார்.

இரண்டு ஏரி வகைகள்

தீனெமன் முதலில் இரண்டு வகைகளை வேறுபடுத்தினார். ஆக்சிசன் நிறைந்த அடிநீரை உடையவற்றை, அங்கு மிகுந்திருந்த குடம்பியின் பெயரால் டானிடார்சஸ் ஏரிகள் என்றார். ஆக்சிசன் தீர்ந்துபோகும் ஏரிகளைக் கைரோனோமஸ் ஏரிகள் என்றார்.

கைரோனோமஸ் குடம்பி ஆக்சிசன் குறைவைத் தாங்குவதற்கேற்ற உடலமைப்பைக் கொண்டது. பூச்சிகளில் அரிதாகக் காணப்படும் ஈமோகுளோபின் இதன் இரத்தத்தில் கரைந்துள்ளது. இதன் சிவப்பு நிறத்திற்குக் காரணம் இதுவே. மிகக் குறைந்த அளவில் உள்ள ஆக்சிசனையும் இந்நிறமி பற்றிக்கொள்ளும். சேற்றில் வளைகுழாய் அமைத்து அதனுள் இருக்கும் குடம்பி, உடலை அலையாக அசைத்துப் புதுநீரை உள்ளே இழுக்கிறது. ஆக்சிசன் முற்றிலும் தீர்ந்த காலத்தில், உடலில் சேமித்த கிளைக்கோசனை ஆக்சிசன் இன்றியே சிதைத்துச் சில காலம் உயிர்தாங்க முடிகிறது. தெளிந்த ஏரிகளின் டானிடார்சஸ் குடம்பிகளோ நீண்டகால ஆக்சிசன் குறைவைத் தாங்கமாட்டாதவை.

அடிச்சேற்றில் கைரோனோமிடே குடும்பம் மட்டும் வாழ்வதில்லை. டூபிஃபெக்ஸ் முதலிய மெல்லிய வளையப்புழுக்களும், பட்டாணி அளவே உள்ள பிசிடியம் சிப்பிகளும் அங்கு உள்ளன. கண்ணாடி போன்ற உடலுடைய கேயோபோரஸ் குடம்பிகள், ஆக்சிசன் அற்ற ஏரிகளில் பகலில் அடியில் தங்கி, இரவில் மேலே எழுந்து இரைதேடுகின்றன. எனினும் கைரோனோமிடே குடும்பத்தில் இனங்கள் மிகப் பல. அவை ஒவ்வொன்றின் தேவையும் வேறு. ஆதலால் ஏரிகளின் நிலையை நுட்பமாகக் காட்டும் அடையாளமாக அக்குடும்பமே அமைந்தது.

பின்னர் தீனெமனும் பிறரும் இவ்விரு வகைகளுக்கு இடைப்பட்ட நிலைகளைச் சேர்த்தனர். மிதமான நிலையில் உள்ள ஏரிகளுக்குச் சுடிக்டோகைரோனோமஸ், செர்சென்டியா ஆகிய பேரினங்கள் அடையாளமாயின. ஊட்டம் மிகுந்த ஏரிகளுள்ளும், ஓரளவு ஆக்சிசன் குறைந்தவற்றில் கைரோனோமஸ் அந்த்ரசீனஸ் என்னும் இனமும், மிகவும் குறைந்தவற்றில் கைரோனோமஸ் புளூமோசஸ் என்னும் இனமும் மேலோங்குவது அறியப்பட்டது.

ஏரியின் வடிவமும் ஆக்சிசன் இருப்பும்

அருகருகே உள்ள ஏரிகள் ஏன் வேறுபட வேண்டும் என்ற கேள்விக்குத் தீனெமன் அளித்த விடை ஏரியின் வடிவத்தைச் சார்ந்தது. மேலடுக்கின் கன அளவுக்கும் கீழடுக்கின் கன அளவுக்கும் உள்ள விகிதத்தை இவர் முதன்மையாகக் கொண்டார்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரண்டு ஏரிகளின் மேலடுக்கிலும் ஒரே அளவு பாசி வளர்வதாகக் கொள்வோம். ஒன்றில் கீழடுக்கு 50 மீட்டர் தடிப்பும், மற்றதில் 5 மீட்டர் தடிப்பும் உடையது. தொடக்கத்தில் ஒரு கன மீட்டர் நீரில் 10 கிராம் ஆக்சிசன் இருந்தால், ஒரு சதுர மீட்டர் அடித்தளத்திற்கு மேலே முதல் ஏரியில் 500 கிராமும் இரண்டாவதில் 50 கிராமும் இருப்பாகும். அழுகல் கோடையில் 45 கிராமைச் செலவிட்டால், முதல் ஏரியில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் எஞ்சும். இரண்டாவதில் பத்தில் ஒரு பங்கே எஞ்சும். ஊட்டப்பொருள் வேறுபடாமலே, வடிவம் மட்டும் வேறுபடுவதால் அடித்தள உயிர்களின் வாழ்வு மாறிவிடுகிறது. இவ்விளக்கத்தைத் தீனெமன் 1928 இல் வெளிவந்த ஏரிகளின் ஆக்சிசன் பற்றிய நூலில் விரிவாக எடுத்துரைத்தார்.

பிளோன் நிலையம்

வட செருமனியின் ஓல்சுடைன் பகுதியில், பனியாறுகள் விட்டுச்சென்ற பல ஏரிகளுக்கு நடுவே பிளோன் என்னும் சிறுநகர் அமைந்துள்ளது. இங்கு ஓட்டோ சக்காரியாசு 1890களின் தொடக்கத்தில் நன்னீர் உயிரியல் நிலையம் ஒன்றை நிறுவியிருந்தார். 1916 இல் அவர் இறந்தபின், நிலையம் 1917 இல் கைசர் வில்லெம் கழகத்தின் கீழ் வந்தது. தீனெமன் அதன் இயக்குநரானார். கீல் பல்கலைக்கழகத்திலும் இவர் கற்பித்தார். நாற்பது ஆண்டுகள், 1957 வரை, இவர் பிளோன் நிலையத்தின் தலைமையில் இருந்தார்.

ஐஃபெலில் கண்ட தொடர்பு எரிமலை ஏரிகளுக்கு மட்டும் உரியதா என்பதைச் சோதிக்க வட செருமானிய ஏரிகள் வாய்ப்பளித்தன. 1918 இல் வெளியிட்ட ஆய்வில், அங்கும் ஆக்சிசனும் அடித்தள விலங்குகளும் ஒன்றையொன்று ஒட்டிச் செல்வதை இவர் காட்டினார். நிலையத்தில் இவருடன் பணியாற்றிய ஃபிரீட்ரிக் லென்சு, கைரோனோமிடே குடம்பிகளை இனம் காணும் பணியை மேலும் வளர்த்தார். 1930களில் சுவீடனின் லாப்லாந்துப் பகுதியிலும் தீனெமன் ஆய்வு செய்தார்; அப்பகுதியின் கைரோனோமிடே பற்றிய இவரது நூல் 1941 இல் வெளிவந்தது.

நௌமனுடன் கூட்டுப்பணி

சுவீடன் நாட்டின் ஐனார் நௌமன் (1891–1934) வேறொரு வழியில் இதே முடிவை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் நீரில் மிதக்கும் பாசிகளை ஆராய்ந்து, நைதரசன், பாசுபரசு ஆகிய ஊட்டப்பொருள்களின் அளவே பாசியின் வளர்ச்சியை முடிவு செய்கிறது என்றார். சதுப்புநில ஆய்வில் வழங்கிய சொற்களை எடுத்து, ஏரிகளை ஊட்டமிகு ஏரி என்றும் ஊட்டங்குன்றிய ஏரி என்றும் பிரித்தார்.

இரு வகைப்பாடுகளும் ஒன்றோடொன்று பொருந்தின. நௌமனின் ஊட்டமிகு ஏரி தீனெமனின் கைரோனோமஸ் ஏரியாகவும், ஊட்டங்குன்றிய ஏரி டானிடார்சஸ் ஏரியாகவும் அமைந்தன. மேற்பரப்பில் வளரும் பாசிக்கும் அடியில் வாழும் புழுவுக்கும் இடையே, பாசியின் மழையும் ஆக்சிசனின் செலவும் பாலமாக இருப்பது தெளிவாயிற்று. சதுப்பு நிலங்களிலிருந்து வரும் மட்கினால் பழுப்பேறிய நீரையுடைய ஏரிகள் மூன்றாவது வகையாகச் சேர்க்கப்பட்டன.

1922 இல் கீல் நகரில் தீனெமனும் நௌமனும் பன்னாட்டு நீர்நிலையியல் சங்கத்தைத் தொடங்கினர். முதல் உலகப்போர் முடிந்து நான்கு ஆண்டுகளே ஆன நிலையில், பகைநாடுகளாக இருந்தவற்றின் அறிவியலாளர்களையும் ஒன்றுகூட்டும் முயற்சியாக இது இருந்தது. தீனெமன் 1939 வரை இச்சங்கத்தின் தலைவராக விளங்கினார்.

உயிரினச் சமுதாய விதிகள்

1918 முதல் 1920 வரையிலான எழுத்துகளில், ஓரிடத்தின் சூழலுக்கும் அங்கு வாழும் உயிரினச் சமுதாயத்திற்கும் உள்ள தொடர்பைத் தீனெமன் இரண்டு விதிகளாகச் சுருக்கினார்.

முதல் விதி: ஓரிடத்தின் வாழ்க்கை நிலைமைகள் எவ்வளவு பலவகைப்பட்டனவோ, அவ்வளவு மிகுதியான இனங்கள் அங்கு வாழும், ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கையும் ஒப்பளவில் குறைந்திருக்கும். கல், மணல், நாணல், நீர்ச்செடி எனப் பலவகை இருப்பிடங்களைக் கொண்ட ஏரிக்கரை இதற்கு எடுத்துக்காட்டாகும்.

இரண்டாவது விதி: ஓரிடத்தின் நிலைமைகள் பெரும்பாலான உயிர்களுக்கு ஏற்ற நிலையிலிருந்து எவ்வளவு விலகுகின்றனவோ, அவ்வளவு இனங்கள் குறையும், எஞ்சும் சில இனங்கள் பெருந்தொகையாகப் பெருகும். ஆக்சிசன் குறைந்த அடிச்சேறும் உப்பு ஊற்றும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

பிற்காலத்தில் மூன்றாவது விதி ஒன்றும் சேர்க்கப்பட்டது. நிலைமைகள் நீண்டகாலம் மாறாதிருந்தால் சமுதாயம் இனவளம் மிக்கதாகவும் நிலைப்புடையதாகவும் அமையும் என்பது அது. இவற்றுக்கு விலக்குகள் உண்டு எனினும், மாசுற்ற நீர்நிலைகளில் சில இனங்கள் மட்டும் திரளாகக் காணப்படுவதை விளக்க இரண்டாவது விதி இன்றும் எடுத்தாளப்படுகிறது.

சுண்டாத் தீவுகளில் ஆய்வு

ஐரோப்பாவில் வகுத்த ஏரி வகைகள் வெப்பமண்டலத்திலும் பொருந்துமா என்ற கேள்வி தீனெமனுக்கு முதன்மையானதாக இருந்தது. 1928–29 இல் இவர் ஃபிரான்சு ருட்னர், ஐன்ரிக் ஃபொயர்போர்ன் ஆகியோருடன், அப்போது டச்சு ஆட்சியின் கீழ் இருந்த சாவகம், சுமத்திரா, பாலித் தீவுகளுக்குச் சென்றார். சுமத்திராவின் டோபா, சிங்காரக், மனிஞ்சாவு, ரானாவு ஆகிய ஏரிகளும் பாலியின் பத்தூர் ஏரியும் ஆராயப்பட்ட நீர்நிலைகளுள் அடங்கும்.

வெப்பமண்டல ஏரிகளின் அடிநீர் ஐரோப்பிய ஏரிகளில் உள்ளதுபோல் குளிர்ந்து இருப்பதில்லை. 4 பாகை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 13 மில்லிகிராம் ஆக்சிசன் கரையும். 25 பாகையில் சுமார் 8 மில்லிகிராமே கரையும். மேலும், வெப்பமான நீரில் அழுகல் விரைவாக நடைபெறுகிறது. இதனால் ஊட்டப்பொருள் மிகாத ஏரியிலும் அடிநீர் ஆக்சிசனை இழக்கக்கூடும். அடிநீரின் ஆக்சிசனை மட்டும் கொண்டு ஓர் ஏரியை ஊட்டமிகு ஏரி என்று சொல்லிவிட முடியாது என்று தீனெமன் முடிவு செய்தார். தாமே வகுத்த அளவுகோலின் எல்லையை இவ்வாறு இவரே வரையறுத்தது குறிப்பிடத்தக்கது. பயணத்தின் முடிவுகள் பல நாட்டு அறிஞர்களின் துணையுடன் பல தொகுதிகளாக வெளிவந்தன. வெப்பமண்டல நன்னீர் உயிர்களைப் பற்றிய அடிப்படை நூல்களாக அவை கருதப்படுகின்றன.

உணவுச் சுழற்சியும் முழுமைக் கருத்தும்

1926 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் தீனெமன் நீரில் நிகழும் உணவுச் சுழற்சியை விளக்கினார். உணவை ஆக்கும் தாவரங்கள், அவற்றை உண்ணும் விலங்குகள், இறந்தவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் என்ற பகுப்பை இவர் கையாண்டார். அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்டு லிண்டெமன் 1942 இல் வெளியிட்ட, உணவுப்படிகளில் ஆற்றல் செல்லும் முறை பற்றிய புகழ்பெற்ற கட்டுரைக்கு இவ்வகைச் சிந்தனை துணையாக இருந்தது.

ஏரியும் அதில் வாழும் உயிர்களும் பிரிக்க முடியாத ஒரு முழுமை என்பது தீனெமனின் உறுதியான கருத்து. சில இடங்களில் ஏரியை உயர்நிலை உயிரி ஒன்றுக்கு ஒப்பிட்டு எழுதினார். இக்கருத்து பின்வந்தோரால் திறனாய்வு செய்யப்பட்டது. உயிரினச் சமுதாயத்தை ஓர் உடலாகக் கருதுவதற்குச் சான்று போதாது என்று பலர் கூறினர். 1930களின் செருமனியில் முழுமைவாதச் சொற்கள் அரசியல் நிறம் பெற்றதையும் அறிவியல் வரலாற்றாய்வாளர்கள் சுட்டியுள்ளனர்.

நூல்கள்

தீனெமன் தொடங்கிய உள்நாட்டு நீர்நிலைகள் என்னும் நூல் வரிசையின் முதல் தொகுதியாக, நடு ஐரோப்பிய நீர்நிலைகளைப் பற்றிய இவரது நூல் 1925 இல் வெளிவந்தது. ஐரோப்பிய நன்னீர் விலங்குகள் பரவிய வரலாற்றை 1950 இல் எழுதினார். கைரோனோமிடே குடும்பத்தின் வாழ்க்கை, பரவல், பொருளியல் பயன் ஆகியவற்றைத் தொகுத்துரைக்கும் 800 பக்கங்களுக்கும் மேற்பட்ட பெருநூல் 1954 இல் வெளியானது. நீர்வாழ் உயிரியலுக்கான ஆய்விதழ் ஒன்றுக்கும் இவர் பல பத்தாண்டுகள் ஆசிரியராக இருந்தார். தன்வரலாறு 1959 இல் வெளிவந்தது. மறு ஆண்டு ஏப்ரல் மாதம் பிளோனில் காலமானார்.

பிற்காலத் திருத்தங்கள்

தீனெமனின் வகைப்பாடு பல வகைகளில் திருத்தப்பட்டது. சுவீடனின் லார்சு புருந்தீன், சேற்றின் மேற்பரப்பை ஒட்டிய மிக மெல்லிய நீர்ப்படலத்தில் ஆக்சிசன் வேகமாகக் குறைவதை 1951 இல் எடுத்துக்காட்டினார். சற்று மேலே எடுத்த நீரில் ஆக்சிசன் போதியதாகத் தோன்றினும், சேற்றில் வாழும் விலங்கு எதிர்கொள்ளும் நிலை வேறாக இருக்கலாம் என்பது இதனால் தெரியவந்தது.

ஆக்சிசனுடன் உணவும் முதன்மையானது என்பதை டென்மார்க்கின் எசுரோம் ஏரியில் யோனாசொன் செய்த ஆய்வு காட்டியது. அங்கு கைரோனோமஸ் அந்த்ரசீனஸ் குடம்பிகள், புதிய பாசி படிவதும் ஆக்சிசன் இருப்பதும் ஒன்றுகூடும் இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் வளர்கின்றன. கோடையில் ஆக்சிசன் தீரும்போது வளர்ச்சி நின்றுவிடுகிறது. இதனால் ஆழப்பகுதியில் ஒரு தலைமுறை நிறைவுற இரண்டு ஆண்டுகள் வரை ஆகின்றன.

நோர்வேயின் ஓலெ சேத்தர் 1979 இல் கைரோனோமிடே சமுதாயங்களைப் பதினைந்தாகப் பகுத்தார். மொத்தப் பாசுபரசை ஏரியின் சராசரி ஆழத்தால் வகுத்து வரும் அளவுடன் இவை பொருந்துவதை அவர் காட்டினார். ஊட்டம், வடிவம் ஆகிய இரண்டும் இணைந்தே அடித்தள உயிர்களை முடிவு செய்கின்றன என்ற தீனெமனின் கருத்து இவ்வாறு எண்களால் உறுதிப்பட்டது.

ஏரி மாசும் தீனெமனின் அளவுகோலும்

தீனெமன் ஐஃபெலில் ஆராய்ந்தபோது ஏரி வகை என்பது பெரும்பாலும் இயற்கையின் கொடையாகவே தோன்றியது. 20ஆம் நூற்றாண்டில் கழிவுநீர், சலவைத்தூள், வயல் உரம் ஆகியவற்றின் பாசுபரசு ஏரிகளில் சேர்ந்தபின் நிலைமை மாறியது. சில பத்தாண்டுகளிலேயே ஏரிகள் ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறத் தொடங்கின. அம்மாற்றத்தை முதலில் உணர்ந்தவை அடித்தள விலங்குகளே.

வட அமெரிக்காவின் ஈரி ஏரி இதற்குத் தக்க சான்று. அதன் மேற்குப் பகுதியின் அடிச்சேற்றில் எக்சசீனியா என்னும் ஒருநாள் பூச்சியின் இளவுயிரிகள் நிறைந்திருந்தன. 1953ஆம் ஆண்டுக் கோடையில் காற்று ஓய்ந்து வெப்பம் நீடித்ததால், வழக்கமாகக் கலந்திருக்கும் ஆழங்குறைந்த அப்பகுதி அடுக்குகளாகப் பிரிந்தது. ஏற்கெனவே ஊட்டம் மிகுந்திருந்த அடிநீரில் ஆக்சிசன் தீர்ந்து அவ்விளவுயிரிகள் திரளாக இறந்தன. அதன்பின் வளையப்புழுக்களும் கைரோனோமிடே குடம்பிகளும் அவ்விடத்தைப் பிடித்தன. பாசுபரசு வரவு கட்டுப்படுத்தப்பட்ட பின், 1990களில்தான் அப்பூச்சிகள் மீண்டும் அங்கு பெருகத் தொடங்கின.

வேதியியல் அளவீடு நீர் எடுத்த நாளின் நிலையை மட்டும் காட்டும். அடித்தள விலங்குகளோ பல மாதங்களின் நிலையைத் தம் இருப்பாலும் இன்மையாலும் பதிவு செய்கின்றன. கைரோனோமிடே குடம்பிகளின் கைட்டினால் ஆன தலையோடுகள் சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு பண்டைய ஏரிகளின் ஆக்சிசனையும் தட்பவெப்பநிலையையும் மதிப்பிடுகின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2000 இல் இயற்றிய நீர்ச் சட்டகம், ஏரிகளின் சூழல்நிலையை மதிப்பிடக் கணக்கிலெடுக்க வேண்டிய உயிர்க்கூறுகளுள் அடித்தள முதுகெலும்பிலிகளையும் சேர்த்துள்ளது.

புவி வெப்பமடைதலால் கோடை அடுக்குநிலை நீள்வதும், அதனால் அடிநீரின் ஆக்சிசன் குறைவதும் இப்போது அறியப்பட்டுள்ளன. மிதவெப்பப் பகுதியின் 393 ஏரிகளின் அளவீடுகளைத் தொகுத்து 2021 இல் வெளியான ஆய்வு, 1980க்குப் பின் ஆழ்நீரின் ஆக்சிசன் ஏறத்தாழ 19 விழுக்காடு குறைந்துள்ளதாகக் காட்டியது. ஊட்டப்பொருள் கூடாமலே ஓர் ஏரி கைரோனோமஸ் ஏரியாக மாறக்கூடும் என்பதால், தீனெமன் எழுப்பிய கேள்விகள் மீண்டும் முதன்மை பெற்றுள்ளன.

சிறப்புகள்

பன்னாட்டு நீர்நிலையியல் சங்கம் தன் உயரிய விருதுக்கு நௌமன்–தீனெமன் பதக்கம் எனப் பெயரிட்டு வழங்குகிறது. கைரோனோமிடே குடும்பத்தில் தீனெமானியா, தீனெமானியெல்லா, தீனெமானிமியா ஆகிய பேரினங்கள் இவரது பெயரைத் தாங்கியுள்ளன. இவர் தலைமையேற்ற பிளோன் நிலையம் பின்னர் மாக்சு பிளாங்கு கழகத்தின் நீர்நிலையியல் நிறுவனமாக வளர்ந்தது. 2007 இல் அது படிமலர்ச்சி உயிரியல் நிறுவனமாக மாற்றப்பட்டது.